மாறிச் சுழித்த நத்தை

மார்லிங்ஹாம், நார்ஃபோக்
12 செப்டம்பர் 1884

அன்புள்ள டாம்சிக்கு,

நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முந்தின நாளே எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. உன் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? விளக்கடியில் வேலை செய்யாதே என்றால் நீ கேட்கப்போவதில்லை. இருந்தாலும் அக்கா என்று ஒருத்தி சொல்லித்தானே ஆகவேண்டும்.

நேற்று நம் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். நாரிச்சிலிருந்து பெரிய பாதிரியார் வந்திருந்தார். நம் டன்தார்ன் பாதிரியார் எழுந்து பேசினார் பார், அப்படியே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இந்தக் கட்டடத்தை முதல்ல என் மனசுலதான் கட்டினேன், கல்லு கல்லா" என்றார். மனசிலாம்! என் சமையலறை மேசையில், என் ரொட்டிப் பலகையைத் தள்ளிவைத்துவிட்டு, நீ குனிந்து குனிந்து போட்ட படம். அவர் செய்தது என்ன? "கோடு மட்டும் போடும்மா, எழுத்தை நானே எழுதிக்கிறேன்" என்று சொல்லி, ஊடுருவித் தெரிகிற அந்த எண்ணெய்த் தாளைச் சுருட்டிக்கொண்டு போனார். பெண்பிள்ளை கையெழுத்து ஊருக்குத் தெரியக்கூடாதே! வாசலில் அவர் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சம்பளமும் குடியிருக்கும் வீடும் அவர் கையில் இருப்பதால் கைதட்டினேன்.

ஆனால் கட்டடம் அழகுதான், பொய் சொல்லக்கூடாது. நீ உன் கையெழுத்துக்குப் பதிலாக எல்லாப் படத்திலும் ஒளித்துவைப்பாயே ஒரு நத்தை, அதைக் கொத்தனார் ஜெத்ரோ மேஸ் வாசல் நிலைக்கு மேலே அப்படியே செதுக்கிவிட்டான். அது உன் பெயர் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். மணிக்கோபுரத்துக்கு அடியில்தான் சின்னப் பிள்ளைகள் வகுப்பு, என் இடம். காலையில் கொஞ்சம் இருட்டும் குளிரும். சாயங்காலம் வெயில் நேரே கண்ணில் அடிக்கிறது. நான் தூங்கிவிழக்கூடாது என்றுதான் ஜன்னலை அங்கே வைத்தாயா, கள்ளி? கதவு புதுசு, கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. போகப்போகச் சரியாகும்.

குளிருக்கு முன் ஃபிளானல் துணி வாங்கிக்கொள். நீ விளம்பரத்துக்கு வரைகிற தொப்பிப் படங்களின் அச்சுத் தாள்களை அனுப்பு. சுவரில் ஒட்டினால் பிள்ளைகள் சந்தோஷப்படும்.

உன் அக்கா,
கெஸாயா


கிளார்க்கன்வெல், லண்டன்
17 செப்டம்பர் 1884

அன்புள்ள அக்கா,

கண்ணுக்கு ஒன்றுமில்லை, புகைதான். உன் முழங்காலுக்கு வாத்துக் கொழுப்பைச் சூடாக்கித் தேய். அப்பாவுக்கு அதுதான் கேட்டது.

பாதிரியார் பேச்சைப் படித்துச் சிரித்தேன். எனக்கு இதெல்லாம் பழகிப்போயிற்று. இந்த மாதம் பத்திரிகையில் வந்த இடுப்புக் கச்சை விளம்பரம் என் படம். அடியில் பட்டறை முதலாளி பெயர்தான் இருக்கும். நான் மரக்கட்டையில் வரைந்து கொடுத்தால் அவருடைய ஆட்கள் செதுக்குகிறார்கள். கட்டையில் எல்லாம் இடம் வலமாக மாற்றி வரையவேண்டும், அப்போதுதான் அச்சில் நேராக விழும். பதினாறு வருடமாக வலக்கையை இடக்கையாகவே வரைந்து வரைந்து, இப்போது கண்ணாடியில் என்னைப் பார்த்தால்தான் சரியாக இருக்கிற மாதிரி தோன்றுகிறது.

அக்கா, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். சாயங்கால வெயில் என்று எழுதியிருக்கிறாயே, காலை வெயிலைத்தானே சொல்கிறாய்? அவசரத்தில் மாற்றி எழுதியிருப்பாய். உன் வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தால் என்ன தெரிகிறது என்று ஒரு வரி எழுது. சும்மாதான். நான் கட்டடத்தைப் பார்க்கவில்லையே, மனதில் பார்த்துக்கொள்ளத்தான். மாதாகோயில் தெரிகிறதா?

நாலு தொப்பிக்காரிகளை அனுப்பியிருக்கிறேன். இறகு வைத்தவள் கொஞ்சம் திமிர் பிடித்தவள், அவளை மூலையில் ஒட்டு.

உன்,
தாமசின்


மார்லிங்ஹாம்
24 செப்டம்பர் 1884

அன்புள்ள டாம்சி,

வாத்துக் கொழுப்பு கேட்டது, நன்றி. உன் ஃபிளானல் விஷயம் என்ன ஆயிற்று என்று நீ எழுதவேயில்லை.

எனக்குக் காலையும் சாயங்காலமும் தெரியாதா? பல் போகிற வயசு இன்னும் வரவில்லையடி. சாயங்கால வெயில்தான். ஜன்னலில் தெரிவது பெல் பண்ணையாரின் டர்னிப் வயலும், அதற்கு முன்னால், ஈர நிலத்தில் வளருமே, அந்த ஆல்டர் மரங்களும். மாதாகோயில் அந்தக் கோடியில், பெரிய பிள்ளைகள் பக்கம் இருக்கிறது. கோபுரம் மேற்கே இருக்கிறது. மாதாகோயில் கோபுரமெல்லாம் மேற்கில்தானே இருக்கும், அதனால் ஊரில் எல்லோருக்கும் பார்க்கப் பாந்தமாக இருக்கிறதாம்.

ஒரு வேடிக்கை. பிள்ளைகள் உன் நத்தையைப் பார்த்துச் சிரிக்கின்றன. "டீச்சர், இந்த டாட்மன் தப்பு" என்றது ஒன்று. இங்கே நத்தையை டாட்மன் என்போமே, லண்டனில் அதையும் மறந்திருப்பாய். தோட்டத்திலிருந்து நிஜ நத்தையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக் காட்டியது. நிஜத்தில் சுழி ஒரு பக்கம், கல்லில் மறுபக்கம். ஜெத்ரோவிடம் சொன்னேன். "படத்துல எப்படி இருந்துச்சோ அப்படித்தான் வெட்டினேன், என்னைக் கேக்காதீங்க" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டான்.

கதவுக்கு மேலே மயிரிழைபோல ஒரு கீறல் விட்டிருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு காய்கிறது போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கெஸாயா


கிளார்க்கன்வெல்
26 செப்டம்பர் 1884

அக்கா,

நலம் விசாரிக்கக்கூட இப்போது எனக்கு மனசு ஓடவில்லை, மன்னித்துக்கொள்.

சின்னப் பிள்ளைகளை உடனே பெரியவர்கள் அறைக்கு மாற்றிவிடு. நெருக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. ஏன் என்று கேட்காதே. குளிர் என்று சொல், என்ன வேண்டுமானாலும் சொல். மணியை அடிக்கவேண்டாம். அந்தக் கீறலுக்குக் குறுக்கே ஒரு தாளை மாவுப் பசை போட்டு இரண்டு ஓரமும் நன்றாகப் பிடிக்கிற மாதிரி ஒட்டிவை. தாள் கிழிகிறதா என்று பார்த்து எழுது. வேறு யாரிடமும் சொல்லாதே.

தாமசின்


மார்லிங்ஹாம்
8 அக்டோபர் 1884

அன்புள்ள டாம்சி,

நீ சுகமா என்று கேட்கிறேன். ஏனென்றால் உன் கடிதத்தைப் பார்த்தால் சுகமாக இருக்கிறவள் எழுதினமாதிரி இல்லை.

நீ சொன்னபடி பாதிரியாரிடம் போய்க் குளிர் என்று சொன்னேன். சிரித்தார். "பிள்ளைங்க ஓடியாடினா குளிர் போயிடும், மிஸ் லார்ட்டர்" என்றார். கீறல் என்றேன். புதுக் கட்டடம் என்றால் மூச்சுவிடும் என்றார். மணியை அடிக்கவேண்டாம் என்று கேட்க வாய் வரவில்லை. அந்த மணியை வாங்க இருபது மைல் சுற்றுவட்டாரத்தில் பணம் திரட்டியவர் அவர்.

கையில் வேறு தாள் இல்லாததால் உன் இறகு வைத்த தொப்பிக்காரியைக் கீறலுக்குக் குறுக்கே ஒட்டினேன். கீறல் அவள் கழுத்துக்குப் பின்னால் போகிறது. பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்துவிட்டது. தினமும் காலையில் "குட்மார்னிங் மேடம்" சொல்கிறார்கள். நானும் தினமும் காலையில் வந்ததும் அவள் கழுத்தைத்தான் பார்க்கிறேன். பிரார்த்தனை அப்புறம்தான்.

டாம்சி, என்ன விஷயம் என்று சொல்லிவிடு. நேற்று மணி அடித்தபோது மேலிருந்து கொஞ்சம் தூசி என் மேசையில் விழுந்தது. ஒன்றுமில்லை, ஒரு சிட்டிகை உப்பளவுதான். ஆனால் நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். பிள்ளைகள் வாய்ப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். தெரியாத பயம் தெரிந்த பயத்தைவிடப் பெரிது. உன் அக்கா கோழையில்லை. சொல்.

கெஸாயா


கிளார்க்கன்வெல்
11 அக்டோபர் 1884

அன்புள்ள அக்கா,

உனக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் கோபுரத்தைக் கிழக்கே வைத்தேன். மேற்கே இல்லை, கிழக்கே. படம் போட வந்த அன்றைக்கு நீ ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாய். நான் அப்பாவின் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போய் அந்த நிலம் முழுக்கக் குத்திப் பார்த்தேன். மாதாகோயில் பக்கம் கம்பி முழங்கையளவு போய் டங்கென்று நின்றது, அடியில் பாறை மாதிரிச் சுண்ணாம்புக்கல். ஆல்டர் மரங்கள் பக்கம் கைப்பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. பழைய சுண்ணாம்புப் பள்ளம் ஞாபகம் இருக்கிறதா? நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா வண்டி வண்டியாக உடைந்த ஓடும் குப்பையும் கொண்டுபோய்க் கொட்டினாரே, அந்தப் பள்ளம். வேலிக்கு அந்தப்புறம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை, வேலிக்கு இந்தப்புறமும் வந்திருக்கிறது. அதனால்தான் அந்தக் கோடியில் பிள்ளைகள் கோட்டு மாட்டுகிற ஒரு சின்ன இறக்கத்தை மட்டும் வைத்தேன். கனமே இல்லாத சாய்ப்புக் கூரை.

இப்போது கோபுரம் பள்ளத்தின் மேல் நிற்கிறது. உன் ஜன்னலும் மாறி, நத்தையின் சுழியும் மாறி இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? நான் முழுக்கட்டடத்தையும் மரக்கட்டையில் வரைகிறமாதிரி மாற்றி வரைந்துவிட்டேன். என் கை அப்படிப் பழகின கை. எண்ணெய்த் தாள்வேறு. பட்டறையில் அதில் வரைந்து, திருப்பிப் போட்டுக் கட்டையில் தேய்ப்போம். அன்றைக்கு எந்தப் பக்கமாக வரைந்தேன் என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. தாளும் என்னிடம் இல்லை.

அக்கா, கட்டையில் ஒரு தொப்பியை மாற்றி வரைந்தால் முதலாளி திட்டுவார், அதோடு போயிற்று. இதில் உன் தலைக்கு மேலே, அந்தப் பிள்ளைகள் தலைக்கு மேலே மணியும் கல்லும் நிற்கிறது. ஊருக்கு வரலாமென்று இரண்டு தடவை பெட்டியைக் கட்டினேன். ரயிலடி வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. இதுதான் உண்மை, என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

பாதிரியாரிடம் இதைக் காட்டு. உடனே காட்டு.

தாமசின்


மார்லிங்ஹாம்
2 நவம்பர் 1884

அன்புள்ள தாமசின்,

நான் சௌக்கியம். பதில் எழுத நாளாகிவிட்டது. உன் போன கடிதத்தின் உறை என் கைக்கு வரும்போது ஒட்டின இடம் ஈரமாக இருந்தது. தபால்கடைக் கூச் அம்மாளின் கெட்டில் எப்போதும் கொதித்துக்கொண்டேதான் இருக்கிறது. அவள் யாருடைய வீட்டுச் சமையற்காரிக்கு அக்கா என்று உனக்குத் தெரியும். ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

பாதிரியாரைப் பார்த்தேன். நான் வாயைத் திறக்குமுன்பே அவர் தயாராக இருந்தார். "உங்க தங்கச்சி நல்லாப் படம் போடும், தொப்பி, பாவாடை எல்லாம். கோபுரம் வேற சமாச்சாரம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இல்ல, கட்டடமே தன்னோடதுதான்னு சொல்லுதா? அப்ப தப்பும் தன்னோடதுன்னு கையெழுத்துப் போட்டுப் பள்ளிக்கூடக் குழுவுக்கு எழுதட்டும். அதுக்கப்புறம் அவங்க யோசிப்பாங்க" என்றார். குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்ததாம்.

உன்னை எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒரு தடவை இப்படி வெளியே வந்துவிட்டால் உன் பட்டறையில் யாரும் உன் கையை நம்பமாட்டார்கள்.

தொப்பிக்காரி சுகமாக இருக்கிறாள்.

சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்திருக்கிறது. அதனால் அந்த அறையை நானே பூட்டி, அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஆடுகளைக் குளிப்பாட்ட அப்பா கூப்பிடுகிற நாளில் மட்டும் வருடா வருடம் நம் இருவருக்கும் வருமே, அதே தடிப்புதான். உனக்கு நினைவிருக்கும். எத்தனை நாள் நீடிக்கும் என்று டாக்டர்தான் சொல்லவேண்டும். டாக்டர் இன்னும் வரவில்லை.

சூடாக ஏதாவது குடி.

கெஸாயா


கிளார்க்கன்வெல்
6 நவம்பர் 1884

அன்புள்ள அக்கா,

அந்தத் தடிப்பைப் பற்றிப் படித்ததும் அழுதுகொண்டே சிரித்தேன். அந்தச் செடி இன்னும் வேலியோரம் அடர்த்தியாக வளர்கிறதா? பாவம் பிள்ளைகள். ஆனாலும் உன்னைப்போல ஒரு பொய்க்காரி இந்த உலகத்தில் இருப்பதற்காக இன்று முழங்கால் போட்டு நன்றி சொன்னேன்.

ஆனால் தடிப்பு பத்து நாளில் ஆறிவிடும், கோபுரம் ஆறாது. அதனால் எழுதிவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். கூச் அம்மாள் இதையும் ஆவி காட்டிப் படிக்கட்டும், ஊருக்கே படித்துக் காட்டட்டும், நல்லதுதான். நீயே குழுக் கூட்டத்துக்குப் போய்க் கொடு.

எழுதியது இவ்வளவுதான்: "மார்லிங்ஹாம் பள்ளிக் கட்டடத்தை வடிவமைத்து வரைந்தவள் நான். கோபுரம் கெட்டியான கிழக்கு நிலத்தில் நிற்கவேண்டியது. என் கைத்தவறால் இடம் வலம் மாறி, நிரப்பப்பட்ட பள்ளத்தின் மேல் நிற்கிறது. குழந்தைகளை அதன் அடியில் உட்காரவைக்கவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தாமசின் லார்ட்டர்."

கையெழுத்துப் போட்டுவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரம் படம் வரைந்திருப்பேன், ஒன்றின் கீழும் என் பெயர் இருந்ததில்லை. முதன்முதலாகப் போட்டது இதற்கு. பட்டறையில் தெரிந்தால் வேலை போகும், போகட்டும். எனக்கு அந்தப் பயம்கூட இப்போது இல்லை. ராத்திரி கண்ணை மூடினால் ஒரே ஒரு சத்தம்தான் கேட்கிறது. அது விழுகிற சத்தம்.

தொப்பிக்காரி உண்மையிலேயே சுகமாக இருக்கிறாளா? நீ அவளைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தாய்.

தாமசின்


மார்லிங்ஹாம்
24 நவம்பர் 1884

மிஸ் தாமசின் லார்ட்டர் அவர்களுக்கு, கொத்தனார் ஜெத்ரோ மேஸ் வணக்கம். நான் சொல்லச் சொல்ல என் சம்சாரம் எழுதுது. எழுத்து நல்லா இருந்தா அது அவ கை, தப்பு இருந்தா அது என் வாய்.

முதல்லயே சொல்லிடறேன், உங்க அக்கா உயிரோட இருக்காங்க. வலது தோள்பட்டை எலும்பும் கையும் முறிஞ்சிருக்கு. எங்க வீட்லதான் படுத்திருக்காங்க. இன்னிக்குக் காலைல முட்டை சாப்பிட்டாங்க, என் சம்சாரம் வேகவைக்கிற மாவு உருண்டை, அந்த டம்ப்ளிங், கல்லு மாதிரி இருக்குன்னு குறையும் சொன்னாங்க. அதனால பொழைச்சுக்குவாங்க.

நடந்தது இதுதான். உங்க கடுதாசியைக் கூட்டத்துல அக்காவே படிச்சாங்க. பாதிரியார் அதை வாங்கி எல்லாருக்கும் காட்டி, "பாத்தீங்களா, அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்க"ன்னாரு. ஆனா கோபுரத்தை என்ன செய்யறதுன்னு கேட்டா, கிறிஸ்மஸ் கழிச்சு நாரிச்ல இருந்து ஆளைக் கூப்பிடலாம்னு முடிவாச்சு. அதுக்குள்ள டாக்டர் வந்து, இது காய்ச்சல் தடிப்பு இல்ல, செந்தட்டி பட்ட தடிப்புன்னு சொல்லிட்டாரு. ஊரே சிரிச்சுது. பாதிரியார் சிரிக்கல. திங்கக்கிழமை பிள்ளைங்க எல்லாம் அறைக்கு வரணும், இல்லன்னா உங்க அக்கா வீட்டைக் காலி பண்ணணும்னாரு.

சனிக்கிழமை அக்கா என்கிட்ட வந்து, "ஜெத்ரோ, ஒரு தடவை வந்து அந்தத் தாளைப் பாரு, நீ சொன்னா குழு கேக்கும்"னாங்க. எனக்குப் போக இஷ்டம் இல்ல. பொய் சொல்லமாட்டேன், பயந்தேன். அஸ்திவாரம் தோண்டும்போதே மண்ணு கேக் மாதிரி இருந்துச்சு. பாதிரியார்கிட்ட சொன்னேன். படம் படம்தான், இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டுன்னாரு. தோண்டினேன், வாயை மூடிக்கிட்டேன்.

உள்ள போனோம். அந்தப் பொம்பளைப் படம் கழுத்துல ரெண்டா கிழிஞ்சு, தலைக்கும் தோளுக்கும் நடுவுல என் கட்டைவிரல் போகும். "எப்பேர்ந்து இப்படி?"ன்னு கேட்டேன். "அக்டோபர்லேர்ந்து"ன்னாங்க. உங்களுக்கு எழுதலையாம், நீங்க பயந்துடுவீங்கன்னு. அப்ப எங்கயோ உள்ள ஒரு உறுமல் கேட்டுச்சு, வண்டி பாலத்து மேல போற மாதிரி. என்னை அவங்கதான் கதவு வழியாத் தள்ளினாங்க. தள்ளின கைமேலதான் கோபுரத்துக் கல்லு விழுந்துச்சு.

மணி மேசைமேல கிடக்கு. பிள்ளைங்க பெஞ்சு ஒண்ணும் மிச்சமில்ல. பெல் பண்ணையார் வந்து பாத்துட்டு ஓரமாப் போய் வாந்தி எடுத்தாரு. அவர் கடைக்குட்டி அந்த ரெண்டாவது பெஞ்சுலதான் உக்காரும்.

நான் இதை எழுத வைக்கறது எதுக்குன்னா, எல்லாரும் கொத்தனைத்தான் சொல்லுவாங்க. என் கையில குடுத்த படத்தைப் பாத்துத்தான் நான் கட்டினேன். அந்தத் தாள் என் கொட்டாயிலதான் இருந்துச்சு, இத்தோட அனுப்பறேன். பாதிரியாருக்கு இன்னும் தெரியாது. தபால் கடையில போடாம, பக்கத்து ஊர் ரயிலடில போய்ப் போடறேன். நீங்களே பாத்துச் சொல்லுங்க, நான் ஏதாவது மாத்தினேனா?

ஜெத்ரோ மேஸ்


கிளார்க்கன்வெல்
30 நவம்பர் 1884

என் அக்கா,

உனக்கு வலி எப்படி இருக்கிறது? ஜெத்ரோவின் கடிதம் வந்தபோது உறையைப் பிரிக்க முடியாமல் வீட்டுக்காரம்மாளிடம் கொடுத்து, "உயிரோடு இருக்கிறாளா என்று மட்டும் சொல்லுங்கள்" என்றேன். அவள் சொன்ன பிறகுதான் நானே வாங்கிப் படித்தேன். தொப்பிக்காரி சுகமாக இருக்கிறாள் என்று எழுதினாயே அக்கா. என்னிடமுமா பொய்?

அடுத்த மாதம் முழுவதும் உன்னைத் திட்டப்போகிறேன். இப்போது இதைக் கேள்.

தாளை மேசையில் விரித்தேன். கோபுரம் மேற்கே இருந்தது. பாதிரியார் அழகாகக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: சின்னப் பிள்ளைகள் அறை, மணிக்கோபுரம், அடியில் அவர் பெயர். எல்லாம் நேராகப் படிக்க வந்தது. நத்தை தப்பாகச் சுழித்திருந்தது. சரி, என் கைதான் என்று தலையைத் தாளின்மேல் வைத்துக்கொண்டேன்.

அப்போது கன்னத்தில் ஏதோ குறைந்தமாதிரி இருந்தது. என் மை கெட்டி மை அக்கா, காய்ந்தால் விரலில் தட்டுப்படும், மெல்லிய நூலை ஒட்டிவைத்தமாதிரி. விரலால் தடவினேன். அவருடைய எழுத்து தட்டுப்பட்டது. என் கோடு தட்டுப்படவில்லை. வழவழவென்று இருந்தது. தாளைத் திருப்பினேன். அந்தப் பக்கம் என் கோடு ஒவ்வொன்றும் விரலில் வந்தது. கோபுரம் கிழக்கே இருந்தது. நத்தை கடவுள் படைத்தபடியே சுழித்திருந்தது.

நான் சரியாகத்தான் வரைந்திருக்கிறேன். எழுத்தை எழுதினவர் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார். எண்ணெய்த் தாள், இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். ஒரே ஒரு எழுத்து நான் எழுதியிருந்தால் போதும், அது இடம் வலம் மாறித் தெரிந்திருக்கும், அவருக்கே புரிந்திருக்கும். என்னை ஒரு எழுத்துகூட எழுதவேண்டாம் என்றார்.

இரண்டு மாதமாக என் கையைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருந்தது. சாப்பிடும்போதுகூட அதைப் பார்க்கமாட்டேன். இன்றைக்கு அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

இப்போது என்ன செய்ய? இந்தத் தாளைக் குழுவுக்குக் காட்டினால் அவர் கதை முடிந்தது. உன் வீடும் போய்விடும். காட்டாவிட்டால், என் பெயர் அந்தக் கூட்டத்துக் காகிதத்தில் அந்தத் தவறோடு என்றென்றைக்கும் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று நீ சொன்னால் சரி. உன் ஒரு கை போனது போதும்.

தாமசின்


மார்லிங்ஹாம்
14 டிசம்பர் 1884

டாம்சி,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறினமாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். வலி குறைவு. டம்ப்ளிங் குறையவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் பாதிரியார் என்னைப் பார்க்க வந்தார். கூச் அம்மாள் சும்மா இருப்பாளா! தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் இளைத்துப்போயிருந்தார். ராத்திரியெல்லாம் அந்த மணி மேசைமேல் விழுவதுதான் கனவில் வருகிறதாம். "ஜன்னல் வெளிச்சத்துல தாளைப் பிடிச்சு எழுதினேன், மிஸ் லார்ட்டர். ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் இருந்துச்சு" என்றார். அப்புறம், நீதான் ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்டாயே, அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே, நீ எங்கேயோ லண்டனில் இருப்பவள், என் வீடு எனக்குச் சாகும்வரைக்கும் உண்டு என்றார்.

எனக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது, நிஜமாக. நானும் அதே கனவுதானே காண்கிறேன். இப்போதும் ஜெத்ரோ வீட்டில் ஒரு கதவு இறுக்கமாகத் திறந்தால் எனக்கு வியர்த்துவிடுகிறது.

ஆனால் சொன்னேன்: "ஒண்ணுபோல இல்ல ஐயா. ஒரு பக்கத்துல பிள்ளைங்க உக்காந்திருந்தாங்க."

அவர் எழுந்து போய்விட்டார். நான் பெல் பண்ணையாரைக் கூப்பிட்டனுப்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான். வீடு போனால் போகட்டும், உன் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறதல்லவா?

குழு கூடியது. அதே கட்டடத்தை, அதே தாளை வைத்து, திருப்பிப் பார்த்துக் கட்டப்போகிறார்கள். கோபுரம் கிழக்கே. ஆனால் அங்கேயும் சின்னப் பிள்ளைகள் அதன் அடியில்தான் உட்காரவேண்டும். அப்பன் அம்மாமார் எல்லாம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள், வரைந்தவள் நேரில் வந்து, மண்ணைக் குத்திப் பார்த்து, இங்கேதான் என்று கை காட்டினால்தான் பிள்ளைகளை அனுப்புவார்களாம். ஆகவே இந்தத் தடவை ரயிலடியிலிருந்து திரும்பிப் போகாதே. உனக்குப் பயமாக இருக்கும், தெரியும். எனக்கும்தான். சேர்ந்து பயந்துகொள்ளலாம், வா. அப்பாவின் கம்பியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

நத்தை இடிபாட்டில் முழுசாகக் கிடைத்தது. ஜெத்ரோ அதைத் தன் கோழிக்கூண்டுக்குப் படியாக வைத்துவிட்டான். புதிதாக ஒன்று செதுக்குவானாம். அதற்கு அடியில் ஒரு பெயருக்கு இடம் விடவா என்று கேட்டான். விடச் சொன்னேன்.

தாளைக் கையோடு கொண்டுவா. அவர் எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, இந்தத் தடவை எழுத்தையும் நீயே எழுதிவிடு. கோடு போட்ட பக்கத்தில்.

கெஸாயா